தில்லைக் கோபுரமும் தோள் எலும்புகளும்

சிதம்பரம் திருக்கோயிலின் நான்கு கோபுரங்களில் எதன் வழியாக உள்ளே நுழைந்தாலும், வாயிலின் இரு மருங்கிலும் கீழிருந்து மேலாகச் சிறு சிறு கட்டங்கள் அடுக்கடுக்காகச் செல்வதைக் காணலாம். ஒவ்வொரு கட்டத்திலும் ஆடல் மகளொருத்தி ஒவ்வொரு நிலையில் நிற்கிறாள். பரத முனிவரின் நாட்டிய சாத்திரம் நான்காம் அத்தியாயத்தில் விரித்துரைக்கும் 108 கரணங்களே இவை. கிழக்குக் கோபுரத்திலும் மேற்குக் கோபுரத்திலும் சிற்பங்களோடு அவற்றின் இலக்கணத்தைக் கூறும் வடமொழிச் சுலோகங்களும் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. கிழக்குக் கோபுரம் 13ஆம் நூற்றாண்டில் ஆண்ட காடவர் கோன் கோப்பெருஞ்சிங்கனோடு தொடர்புடையது. வடக்குக் கோபுரத்துக்கு விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயரின் பெயர் வழங்குகிறது.

இச்சிற்பங்களைப் பற்றிக் கலைவாணர் பலர் எழுதியுள்ளனர். பி. வி. நாராயணசாமி நாயுடு முதலிய மூவர் 1936இல் வெளியிட்ட ‘தாண்டவ லக்ஷணம்’ என்னும் நூலின் வாயிலாகத் தில்லைக் கரணங்கள் உலகறிய விளங்கின. கரணம் என்பது அசையாது நிற்கும் நிலையன்று, ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அசைவு. அதன் ஒரு நொடியையே சிற்பி கல்லில் பிடித்து வைத்தான் என்று பிற்காலத்தில் பத்மா சுப்ரமணியம் ஆராய்ந்து காட்டினார். நானோ நடனம் கற்றவன் அல்லேன், மருத்துவனும் அல்லேன். பள்ளியில் அறிவியலும் வரலாறும் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியன். ஆகவே மாணவர்களை நான் வேண்டுவது சிறிது வேறானது. அடுத்த முறை அந்த வாயிலில் நிற்கும்போது, ஆடல் மகளிரின் முகத்தையும் பாதத்தையும் விட்டுவிட்டு, தோளை மட்டும் பாருங்கள்.

கை தலைக்கு மேல் உயர்ந்த சிற்பத்தில் தோள்முனையும் உடன் உயர்ந்திருக்கும். கை மார்பின் குறுக்கே வீசப்பட்ட சிற்பத்தில் தோள் முன்னோக்கி வந்திருக்கும். கை பின்னே சென்றால் தோளும் பின்வாங்கி மார்பு விரிந்து நிற்கும். கையை மட்டும் தனியே திருப்பிவிட்டுத் தோளை வாளா விட்ட சிற்பம் அங்கே அரிது. தோளினுள்ளே என்ன இருக்கிறது என்று அந்தத் தச்சர்கள் அறுத்துப் பார்த்ததாக எந்தக் கல்வெட்டும் கூறவில்லை. பின்னர் இதனை எவ்வாறு அறிந்தனர்?

இதற்கு விடை தேடுமுன் தோளின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

தோளில் மூன்று எலும்புகள் கூடுகின்றன. முதுகுப்புறத்தில் இரண்டாம் விலா முதல் ஏழாம் விலா வரை படிந்து கிடக்கும் முக்கோணத் தகடு தோள்பட்டை எலும்பு. முன்புறத்தில், கழுத்துக்குக் கீழே கைவிரலால் தடவி உணரக்கூடிய வளைந்த கோல் காறை எலும்பு. கையின் மேற்பகுதியில் இருப்பது மேற்கை எலும்பு. அதன் உருண்டைத் தலை தோள்பட்டை எலும்பிலுள்ள சிறு குழியில் பொருந்துகிறது.

இங்கே ஒரு வியப்பு உண்டு. கை முழுவதையும் உடலின் நடுக்கூட்டோடு எலும்பால் இணைக்கும் இடம் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றே ஒன்றுதான்: காறை எலும்பின் உள்முனை மார்பெலும்பைத் தொடும் இடம். தோள்பட்டை எலும்புக்கும் விலா எலும்புகளுக்கும் இடையே மூட்டு என்பதே கிடையாது. அது தசைகளின் நடுவே மிதக்கிறது என்றே சொல்லலாம். 17 தசைகள் அதனைப் பற்றியிருக்கின்றன. கடலூர்த் துறைமுகத்தில் நாற்புறமும் கயிறு கட்டி நிறுத்திய படகைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எந்தக் கயிறு இறுகுகிறதோ அந்தப் பக்கம் படகு நகரும். எந்தத் தசை சுருங்குகிறதோ அந்தப் பக்கம் தோள்பட்டை எலும்பு வழுக்கிச் செல்லும்.

கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு மெல்ல மேலே தூக்கித் தலைக்கு நேரே கொண்டுவாருங்கள். கை ஏறத்தாழ 180 பாகை திரும்பியிருக்கிறது. ஆனால் இதில் பந்தும் கிண்ணமுமான தோள்மூட்டு செய்தது சுமார் 120 பாகை மட்டுமே. எஞ்சிய 60 பாகையைத் தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் சுழன்று தருகிறது. அதாவது இரண்டு பங்கு மூட்டு, ஒரு பங்கு தோள்பட்டை. இருவர் சேர்ந்து பாடும்போது தாளம் தப்பாமல் இருப்பது போன்ற இந்த ஒத்திசைவை 1944இல் இன்மன் முதலிய அமெரிக்க மருத்துவர்கள் அளந்து எழுதினர். நண்பரொருவரைக் கையைத் தூக்கச் சொல்லி, அவருடைய தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் விரலை வைத்துப் பாருங்கள். அம்முனை வெளிப்புறமாக நகர்வது நன்கு தெரியும். தில்லைச் சிற்பி தோளையும் சேர்த்து உயர்த்தியது இதனால்தான். அவன் எலும்பைக் கண்டவன் அல்லன். ஆனால் ஆடுகின்ற உடலைக் கண்டவன். ஆடல் மகளிரின் கையும் தோளும் ஒன்றாகவே செல்வதை நாள்தோறும் பார்த்த கண்ணுக்கு அளவுகோல் வேண்டியதில்லை.

அபிநய தர்ப்பணம் என்னும் நூல் தலை, கை, மார்பு, பக்கம், இடை, பாதம் ஆகியவற்றை அங்கம் என்றும், தோளைப் பிரத்தியங்கம் என்றும் வகுக்கிறது. அதாவது தலைமை உறுப்பன்று, துணை உறுப்பு. கை செல்லும் வழியில் தானும் செல்வது என்ற பொருளில் பார்த்தால் இப்பாகுபாடு மிகச் சரியானது என்று எனக்குத் தோன்றுகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இதே கரணங்களில் 81 மட்டும் செதுக்கப்பட்டு மற்றவற்றின் கற்கள் வெறுமையாக விடப்பட்டன. அங்கே ஆடுபவர் நாற்கரங்கொண்ட சிவபெருமான். தில்லையில் ஆடுபவரோ இரு கரங்களுடைய மகளிர். தோளைப் படிக்கும் மாணவனுக்குத் தில்லையே தக்க பாடநூல். நாற்கரம் உள்ள ஓர் உடலுக்கு எலும்புக் கணக்குப்படி நான்கு தோள்பட்டைகளும் நான்கு காறைகளும் வேண்டும்; அவற்றை வைக்க முதுகில் இடமில்லை. நம் தச்சர்கள் ஒரே தோளிலிருந்து இரு கைகளையும் பிரியச் செய்து, பார்ப்பவர் கண்ணுக்கு அதில் ஒரு குறையும் தோன்றாதவாறு முடித்துவிட்டனர். இது கலையின் வெற்றி. அங்கே உடற்கூற்று நூலைக் கொண்டுபோய் வழக்காடுவது முறையன்று.

ஆயினும் அம்பலவாணர் திருமேனியிலேயே தோளின் உண்மையொன்று பளிச்சென்று விளங்குகிறது. முன் இடக்கரம் மார்பின் குறுக்கே வலப்புறமாக வீசித் தூக்கிய திருவடியைச் சுட்டுகிறது. யானையின் துதிக்கைபோல் தொங்குவதால் இதனைக் கஜஹஸ்தம் என்பர். இவ்வாறு கையை மார்பின் குறுக்கே நீட்டும்போது தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டைச் சுற்றி முன்னோக்கி வழுக்குகிறது. அப்போது தோள் மார்பின்மேல் சரிந்து விழாமல், முட்டுக்கொடுத்த கழிபோல எட்டி நிறுத்துவது காறை எலும்பு. அந்தக் கோல் இல்லையேல் கை இவ்வளவு தூரம் விலகி நின்று வீசமுடியாது. குரங்குக்கும் மனிதனுக்கும் காறை எலும்பு நன்கு வளர்ந்திருக்கிறது. பசுவுக்கும் குதிரைக்கும் அது இல்லை. அவற்றின் முன்கால்கள் முன்னும் பின்னும் செல்லுமேயன்றிப் பக்கத்தில் விரியா. யானைக்கும் காறை எலும்பு இல்லை. யானையின் பெயரால் வழங்கும் இந்த முத்திரையை யானையின் முன்காலால் செய்து காட்ட இயலாது!

இனிக் கடலூர்ப் பக்கம் வருவோம். வீசுவது தோளின் ஒரு தொழில், சுமப்பது மற்றொன்று. கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர், கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர் கரையேறிய தலம் என்பர். அவரே பின்னர்த் திருப்பூந்துருத்தியில், திருஞானசம்பந்தர் ஏறிவந்த சிவிகையைத் தாங்குவோரோடு தாமும் ஒருவராகத் தோள் கொடுத்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அப்பர் எங்கே என்று சம்பந்தர் வினவ, சிவிகையின் கீழிருந்து விடை வந்ததாம். இந்நூலைச் சேக்கிழார் அரங்கேற்றியதும் தில்லையின் ஆயிரங்கால் மண்டபத்தில்தான்.

7ஆம் நூற்றாண்டு முதல் மோட்டார் வண்டி வரும்வரை இந்நாட்டில் பெரியோர் பயணம் பெரும்பாலும் பிறர் தோளின் மேலேயே நடந்தது. 1690இல் கடலூரை அடுத்த கோட்டையை வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்ட ஆங்கிலக் கும்பினியாரும் பல்லக்கிலேதான் சென்றனர். பல்லக்கைச் சுமந்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களுடைய தோளில் காய்த்த காய்ப்பு ஒன்றே அவர்களுக்குக் கிடைத்த பட்டயம். வரலாறு கற்பிக்கும்போது நான் இவ்விடத்தில் சிறிது நிறுத்துவது வழக்கம்.

சுமை எங்கே அமர்கிறது என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். இன்றும் சாமி தூக்குவோரையும் துறைமுகத்தில் மூட்டை சுமப்போரையும் பாருங்கள். தண்டையோ மூட்டையையோ காறை எலும்பின்மேல் வைப்பதில்லை. கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவே, சற்றுப் பின்தள்ளி, தசை தடித்திருக்கும் மேட்டில் வைப்பர். துணியைச் சும்மாடாக மடித்து அதன்கீழ் இடுவர். காறை எலும்புக்கு நேர் கீழே கைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடுகின்றன. எலும்பு அழுந்தினால் கை மரத்துப்போகும். இதனை எந்த நூலிலும் படித்து அவர்கள் தெரிந்துகொள்ளவில்லை.

காறை எலும்புக்கு ஒரு துன்பமும் உண்டு. கையை ஊன்றியோ தோள்பட வீழ்ந்தோ ஒருவன் விழுந்தால், அந்த அதிர்ச்சி கையிலிருந்து உடலுக்குச் செல்ல எலும்பு வழி அது ஒன்றே. ஆகவே மிகுதியாக முறியும் எலும்புகளில் அதுவும் ஒன்றாயிற்று. வளைவு திரும்பும் நடுப்பகுதியே பெரும்பாலும் முறிகிறது.

தோள்மூட்டின் துன்பம் வேறு வகையானது. மேற்கை எலும்பின் தலை பெரியது. அது அமரும் குழியோ ஆழமற்றது. ஒரு நேரத்தில் அத்தலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழியைத் தொடுவதில்லை. இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலை ஆழ்ந்த கிண்ணத்துள் புதைந்திருக்கிறது. அதனால் அது உறுதியானது, ஆனால் காலைக் கைபோல் சுழற்றமுடியாது. தோளுக்குச் சுழலும் உரிமை கிடைத்தது. அதற்கு விலையாக உறுதியைக் கொடுத்துவிட்டது. குழியின் விளிம்பில் ஒரு குருத்தெலும்பு வளையமும், மூட்டைச் சுற்றி நான்கு சிறு தசைகளும் சேர்ந்து பந்தைக் கிண்ணத்தில் நிறுத்தி வைக்கின்றன.

கடலூர்ப் பகுதியில் நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், சடுகுடு ஆட்டத்தில் ஒரு மாணவன் பின்னோக்கி இழுக்கப்பட்டு விழுந்தான். எழுந்தவன் இடக்கையை வலக்கையால் தாங்கிக்கொண்டு நின்றான். தோளின் உருண்டை வடிவம் போய்ச் சட்டம்போல் மூலையாகத் தெரிந்தது. கூடியிருந்தவர்களுள் ஒருவர், “கையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும்” என்று முன்வந்தார். “வேண்டாம் ஐயா, வலிக்கிறது” என்று பையன் அலறினான். நான் அவரைத் தடுத்து, என் மேல்துண்டால் கையை உடலோடு சேர்த்துக் கட்டி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவர் முதலில் மணிக்கட்டு நாடியைப் பார்த்தார். தோளின் வெளிப்புறத் தோலைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். பின்னர் எக்ஸ்ரே எடுத்து எலும்பு முறியவில்லை என்று கண்ட பிறகே மூட்டை ஏற்றினார். அதற்குச் சில நிமிடங்களே ஆயின. “இழுத்திருந்தால் என்ன ஆகும்?” என்று வினவினேன். மூட்டைச் சுற்றி வளைந்து செல்லும் நரம்பு அறுந்தால் அவன் கையைப் பக்கவாட்டில் தூக்கவே முடியாது போகலாம் என்றார். மூன்று வாரம் தொட்டிலில் கிடந்த அந்தக் கை, பின்னர்ப் பயிற்சியால் பழைய நிலைக்கு வந்தது. ஆனால் இளமையில் ஒரு முறை நழுவிய தோள் மறுமுறையும் நழுவும் இயல்புடையது. ஆகையால் அவ்வாண்டு முழுவதும் அவனை ஆட்டத்துக்கு அனுப்பவில்லை. அதில் அவனுக்கு என்மேல் வருத்தந்தான்.

உயிருள்ள தோளைக் கண்டு கற்றவர்களைப் பற்றிச் சொன்னேன். உயிரற்ற உடலைக் கண்டு கற்றவர்களும் இந்நாட்டில் இருந்தனர். உடலைப் புல்லால் சுற்றி ஓடும் நீரில் ஏழு இரவு ஊறவைத்துப் பின் அடுக்கடுக்காகத் தோலையும் தசையையும் நீக்கிப் பார்க்கவேண்டும் என்று சுசுருத சங்கிதை கூறுகிறது. சுசுருதர் எலும்புகள் 300 என்றார். சரகர் 360 என்றார். இன்றைய கணக்கில் வளர்ந்தவர்க்கு 206. பற்களையும் நகங்களையும் குருத்தெலும்புகளையும் சேர்த்து எண்ணியதால் வந்த வேறுபாடு இதில் பெரும்பங்கு. ஆனால் இவ்வழக்கம் நாளடைவில் அருகிற்று. நூலைப் படித்தவர் உடலைத் தொடவில்லை; உடலைத் தொட்டவர் நூலைப் படிக்கவில்லை. ஐரோப்பாவிலும் வெசாலியஸ் 1543இல் தம் கையாலேயே அறுத்துப் பார்த்து நூல் எழுதும்வரை நிலைமை ஏறத்தாழ இவ்வாறே இருந்தது. சென்னையில் 1835இல் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. கல்கத்தாவில் 1836இல் மதுசூதன குப்தர் கத்தியை எடுத்தார். அவை யாவும் ஆங்கிலத்தில் நடந்தன.

தமிழில் அது நடந்த இடம் யாழ்ப்பாணம். சிதம்பரத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள உறவு பழமையானது. ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவர் பிறந்த யாழ்ப்பாணத்தில், மானிப்பாய் என்னும் ஊரில், சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் அக்காலத்தில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்துக்கொண்டிருந்தார். 1822இல் மாசசூசெட்ஸில் பிறந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர் அவர். அறுபதுக்கு மேற்பட்டோரை மருத்துவராக்கினார். கட்டர் என்பவரின் ஆங்கில நூலை 1850களில் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என்று தமிழாக்கினார். அங்காதிபாதம் என்றால் உடற்கூறு. சுகரணவாதம் என்றால் உறுப்புக்களின் தொழில். உற்பாலனம் என்றால் நலம் பேணல். கிரே முதலியோரின் நூல்களைத் தழுவிய ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது. கிரேயின் ஆங்கில மூலமே 1858இல்தான் பிறந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அச்சொற்கள் இன்று வழக்கில் இல்லை. வடசொல் மிகுதியால் நமக்குக் கடுமையாகவும் ஒலிக்கின்றன. எனினும் சுகரணவாதம் என்னும் சொல்லில் ‘கரணம்’ ஒளிந்திருப்பதை என்னால் கவனியாது விட முடியவில்லை. கோபுரத்தில் கரணம் என்பது கையும் காலும் சேர்ந்து இயங்கும் இயக்கம். மானிப்பாய் நூலிலோ உறுப்பு தன் தொழிலைச் செய்யும் செயல். சொல் ஒன்றுதான்.

பிறகு சொற்களை எளிதாக்கும் முயற்சி நடந்தது. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் சொற்களுக்காக ஒரு சங்கம் கண்டனர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் ‘கலைச்சொற்கள்’ என்னும் தொகுதியை வெளியிட்டது. இன்று பள்ளிப் பாடநூலில் காறை எலும்பு என்று படிக்கிறோம். காறை என்பது கழுத்திலணியும் ஒரு நகையின் பெயர். பெரியாழ்வார் காலத்திலேயே வழங்கிய சொல். அந்நகை எங்கே கிடந்ததோ அங்குள்ள எலும்புக்கு அப்பெயர் அமைந்தது. இலத்தீன் மொழியினர் இதே எலும்பைச் ‘சிறு சாவி’ என்றனர். கையைத் தூக்கும்போது அது சாவிபோலத் தன் அச்சில் திரும்புவது உண்மை. தமிழன் அது இருக்கும் இடத்தைப் பார்த்தான். தோள்பட்டையின் முன்புறம் வளைந்து நீண்ட ஒரு முனை உண்டு. கிரேக்கச் சொல்வழி அதற்குக் காக்கை அலகு என்றே பொருள். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அம்முனையின் வடிவத்தை ஒருவரும் மறப்பதில்லை.

தோள் என்னும் சொல்லே பழந்தமிழில் இன்றைவிட விரிந்த பொருளுடையது. புலவர்கள் மூங்கிலுக்கு ஒப்பிட்டது தோள்முனையை மட்டுமன்று, மேற்கை முழுவதையுமே. தோள்வளை அணியப்படும் இடம் மேற்கைதான். தோள்பட்டையையும் காறையையும் மேற்கையையும் பிரித்தறியாத குழப்பம் இது என்று சிலர் கருதலாம். நான் அவ்வாறு கருதவில்லை. மூன்று எலும்பும் தனித்தனியே ஒருபோதும் இயங்குவதில்லை என்பதை மேலே கண்டோம். ஒரே சொல்லால் அவற்றைக் குறித்தவர்கள், இயங்கும் தோளைக் கண்டு பெயரிட்டவர்கள்.

சிதம்பரம் கோயிலுக்குக் கிழக்கே அண்ணாமலைநகரில், 1929இல் தோன்றிய பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் 1985இல் ஒரு மருத்துவக் கல்லூரி எழுந்தது. இப்போது அது கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்குகிறது. மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் கையில் கொடுக்கப்படும் எலும்புகளில் தோள்பட்டையும் காறையும் உண்டு. காறை எலும்பு இடமா வலமா என்று சொல்லுவது தேர்வில் கேட்கப்படும் பழைய வினா. உள்முனை தடித்திருக்கும், வெளிமுனை தட்டையாக இருக்கும். வளைவு முதலில் முன்னோக்கியும் பின்னர்ப் பின்னோக்கியும் செல்லும். கருவில் ஐந்து, ஆறாம் வாரத்திலேயே எலும்பாகத் தொடங்குவது காறை. உடலில் முதன்முதலாக எலும்பாவது அதுவே. ஆனால் அதன் உள்முனை முழுதும் ஒட்டி முடிவதற்கு இருபத்தைந்து வயது அளவில் ஆகிறது. இதனைப் படிக்கும் மாணவர்களில் பெரும்பாலோர்க்கு அந்த முனை இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.